பல்லாவரத்துக் கல் மூடிய கல்லறை

கல்கத்தா செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்தில் உறங்குகிறது கம்பெனிக் காலம். நகரத்தை நிறுவியவர் யார் என்ற வழக்கு மட்டும் விழித்தே இருந்தது.

வங்காளத்து மண்ணில் கல் கிடையாது. கங்கை கொண்டுவந்து கொட்டிய வண்டலில் எத்தனை ஆழம் தோண்டினாலும் களிமண்தான். அதனால்தான் அங்கே கோயிலும் செங்கல், மசூதியும் செங்கல், மாளிகையும் செங்கல். இப்படிப்பட்ட ஊரில் ஒருவர் கல்லறைக்குக் கல் தேட வேண்டுமானால் கடல் தாண்டிப் போக வேண்டும். 1690களில் கல்கத்தாவில் இருந்த ஆங்கிலேயர்கள் அப்படித்தான் செய்தார்கள். ஜாப் சார்னாக் என்ற கம்பெனி ஏஜென்ட் இறந்தபோது அவர் சமாதி மீது வைக்கக் கருங்கல் பலகை போனது சென்னைக்குப் பக்கத்திலிருக்கும் பல்லாவரத்திலிருந்து.

அந்தக் கல்லுக்கு அப்போது தனிப் பெயர் எதுவும் இல்லை. இருநூறு ஆண்டுகள் கழித்து, 1893-ல், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட் இந்தப் பாறை வகையை ஆராய்ந்தார். பெயர் வைக்க வேண்டிய கட்டம் வந்தபோது பல்லாவரம் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. சார்னாக்கின் கல்லறைதான் வந்தது. 'சார்னாகைட்' என்று சூட்டிவிட்டார். நீலகிரி, சேர்வராயன், பழனி மலைகளெல்லாம் பெருமளவு இந்தப் பாறைதான். ஆக, ஊட்டிக்கும் ஏற்காட்டுக்கும் போய் வருகிற ஒவ்வொருவரும் கல்கத்தா வெள்ளைக்காரர் ஒருவரின் பெயரைத் தாங்கிய பாறை மீதுதான் நடந்துவிட்டு வருகிறார்கள்.

அந்தக் கல்லறை இருப்பது செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில். ஆளுநர் மாளிகைக்கு வடமேற்கே, ஹைகோர்ட்டுக்கும் டல்ஹௌசி சதுக்கத்துக்கும் (இன்று பி.பா.தீ. பாக்) நடுவில், அலுவலகங்கள் நெருக்கியடிக்கும் பகுதி. வெளியே பஸ் புகையும் டைப்ரைட்டர் காலத்து வராந்தாக்களும். கேட்டைத் தாண்டினால் மரநிழல், புல், ஆங்காங்கே தூண்களும் கூம்புகளுமாக நினைவுச் சின்னங்கள். கல்கத்தாக்காரர்களில் பலர் இந்தத் தெருவில் தினமும் நடந்தும் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை.

இது கல்கத்தாவின் முதல் ஆங்கிலிக்கன் தேவாலயம் அல்ல. கோட்டைக்குப் பக்கத்தில் செயின்ட் ஆன்ஸ் என்று ஒன்று 1709-ல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. 1756-ல் நவாப் சிராஜ் உத் தௌலா கல்கத்தாவைக் கைப்பற்றியபோது அது அழிந்தது. அதன் பிறகு முப்பது ஆண்டுகள் வங்காளத்தின் ஆங்கிலேய எஜமானர்களுக்கு உருப்படியான கோயில் இல்லை. கொஞ்ச காலம் போர்த்துகீசியரின் கத்தோலிக்கக் கோயிலில் ஆராதனை நடத்தினார்கள். பிறகு பழைய கோட்டைக்குள் ஒரு சிறிய ஜெபக்கூடம். பிளாசியில் ஜெயித்து, திவானி வாங்கி, மூன்று மாகாணங்களின் வரிப்பணத்தை வசூலித்துக்கொண்டிருந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை முழங்கால் போட ஓர் இடம் கட்டிக்கொள்ள இத்தனை காலம் எடுத்துக்கொண்டார்கள் என்பது அவர்களுடைய முன்னுரிமைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறது.

அவர்களை முந்திக்கொண்டவர் நம் கடலூரிலிருந்து போன ஒரு ஸ்வீடன் நாட்டு மிஷனரி. ஜொஹான் சக்கரையா கீர்நாண்டர் கடலூரில் பதினெட்டு ஆண்டுகள் ஊழியம் செய்தவர். 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி கடலூரைப் பிடித்ததும் கல்கத்தாவுக்குக் கிளம்பிவிட்டார். அங்கே தன் சொந்தப் பணத்தைப் பெருமளவு போட்டு 1770-ல் ஒரு கோயிலைக் கட்டி முடித்தார். 'லால் கிர்ஜா' என்று உள்ளூர் மக்கள் அழைத்த பழைய மிஷன் தேவாலயம் அதுதான். ஆனால் அது மிஷன் கோயில். கம்பெனியின் பெரிய மனிதர்களுக்குத் தங்கள் தகுதிக்கு ஏற்ற ஒன்று வேண்டியிருந்தது.

கம்பெனியின் பாதிரியாராக இருந்த வில்லியம் ஜான்சன் விடாமல் முயன்றார். வாரன் ஹேஸ்டிங்ஸ் கவர்னர் ஜெனரலாக இருந்த காலம். நிலம் கொடுத்தவர் சோவாபஜார் மகாராஜா நபகிருஷ்ண தேவ். கிளைவின் முன்ஷியாக இருந்து செல்வம் சேர்த்தவர். பிளாசி நடந்த 1757-ம் ஆண்டிலேயே தன் வீட்டில் பிரமாண்டமாகத் துர்கா பூஜை தொடங்கி வெள்ளைக்கார விருந்தினர்களை உட்கார வைத்தவர். அந்தக் குடும்பத்தின் பூஜை இன்றும் நடக்கிறது. வைதிக இந்துவான அவர் கிறிஸ்தவர்களின் கோயிலுக்கு மனை எழுதிக் கொடுத்ததைப் பரந்த மனம் என்று பாராட்டலாம், நல்ல முதலீடு என்றும் சொல்லலாம். இரண்டும் ஒரே மனிதரிடம் இருந்திருக்க முடியாது என்று யார் சொன்னது?

நிலம் வந்தாயிற்று, பணம்? லாட்டரிதான். பொதுமக்களிடம் சீட்டு விற்று 30,000 ரூபாய் திரட்டினார்கள். நன்கொடைகளும் சேர்ந்தன. கடவுளின் வீட்டைச் சூதாட்டப் பணத்தில் கட்டுவதா என்று அன்று யாரும் முகம் சுளித்ததாகத் தெரியவில்லை. அந்தக் காலத்துக் கல்கத்தாவில் சாலை போடுவதிலிருந்து டவுன் ஹால் எழுப்புவதுவரை லாட்டரிச் சீட்டுதான் கைகொடுத்தது.

1784 ஏப்ரலில் அடிக்கல். கட்டடத்தை வடிவமைத்தவர் கம்பெனிப் படையின் பொறியாளர் பிரிவில் லெப்டினன்டாக இருந்த ஜேம்ஸ் ஆக். லண்டனில் டிரஃபால்கர் சதுக்கத்தருகே இருக்கும் செயின்ட் மார்ட்டின்ஸ் தேவாலயம்தான் முன்மாதிரி. (அதே தேவாலயத்தைப் பார்த்துத்தான் பின்னால் எழும்பூரில் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க்கையும் கட்டினார்கள். சென்னைக்காரர்கள் இங்கே வந்தால் எங்கேயோ பார்த்த ஜாடை என்று நினைப்பது அதனால்தான்.) முன்புறம் கிரேக்கப் பாணித் தூண்கள், மேலே 174 அடி உயரத்துக்கு ஊசிக்கோபுரம், அதில் ஒரு கடிகாரம்.

மறுபடியும் கல்லுக்குத் திண்டாட்டம். இந்த முறை பல்லாவரம் வரை போகவில்லை. வடக்கே மால்டா பக்கத்தில் கௌர் என்ற பழைய தலைநகரம் காட்டுக்குள் சிதிலமாகக் கிடந்தது. வங்காளச் சுல்தான்கள் ஆண்ட ஊர். அதன் இடிபாடுகளில் வழவழப்பான நீலச் சாம்பல் நிறப் பளிங்குக் கற்கள் கிடந்தன. மால்டாவில் கம்பெனியின் வர்த்தக அதிகாரியாக இருந்த சார்லஸ் கிராண்ட் உதவ, அவை பெயர்க்கப்பட்டு நதி வழியே கல்கத்தா வந்து சேர்ந்தன. இன்று செயின்ட் ஜான்ஸின் தரையில் பதிந்திருப்பவை கௌரின் கற்கள். ஒரு காலத்தில் சுல்தான்களின் கட்டடங்களில் இருந்தவற்றின் மீது கவர்னர் ஜெனரல்கள் நடந்து போய் ஜெபித்தார்கள். அவர்களும் போய்விட்டார்கள், கல் இருக்கிறது. செங்கல் ஊரில் இத்தனை கல்லைப் பார்த்த வங்காளிகள் வைத்த பெயர் 'பாத்துரே கிர்ஜா', அதாவது கல் கோயில்.

1787 ஜூன் 24, ஸ்நானக யோவான் திருநாளன்று பிரதிஷ்டை நடந்தது. அதே ஆண்டில் முதியவர் கீர்நாண்டர் கடனில் மூழ்கியிருந்தார். அவர் ஆசையாகக் கட்டிய மிஷன் கோயில் ஏலத்துக்குப் போகும் நிலை. 10,000 ரூபாய் கொடுத்து அதை மீட்டவர் வேறு யாருமல்ல, கௌரிலிருந்து கல் அனுப்பிய அதே சார்லஸ் கிராண்ட்.

யூதாஸுக்கு வந்த கோபம்

புதுக் கோயிலுக்கு ஒரு பரிசு வந்தது. ஜொஹான் ஜோஃபனி என்ற புகழ்பெற்ற ஓவியர் அப்போது இந்தியாவில் இருந்தார். நவாப்களையும் துரைகளையும் வரைந்து பணம் சேர்த்துக்கொண்டிருந்தவர். அவர் 'கடைசி இராப்போஜனம்' என்ற பெரிய சித்திரத்தைத் தீட்டிக் கொடுத்தார். பைபிள் காட்சிதான். ஆனால் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் கல்கத்தாக்காரர்கள்.

இயேசுவாக அமர்ந்தவர் நகரிலிருந்த கிரேக்கப் பாதிரியார் பார்த்தீனியோ. பெண்மை கலந்த முகத்தோடு அருகில் சாய்ந்திருக்கும் யோவான், பின்னால் போலீஸ் மாஜிஸ்திரேட்டாக நெடுங்காலம் இருந்த பிளாக்கியர். யூதாஸ்? ஏலக்கடைக்காரர் டல்லோ. முப்பது வெள்ளிக் காசுக்கு எஜமானைக் காட்டிக்கொடுத்தவனுக்கு ஊரறிந்த ஏலக்காரரின் முகம். கல்கத்தா சிரித்திருக்கும், டல்லோ சிரிக்கவில்லை. அவர் கடும் கோபம் கொண்டார் என்பது இந்தப் படத்தோடு ஒட்டிக்கொண்டே வரும் கதை.

முகங்களைவிட நமக்குச் சுவையானவை சில்லறைச் சாமான்கள். சுவரில் தொங்கும் பேதுருவின் வாள் நம்மூர் டவாலி சேவகன் வைத்திருக்கும் தல்வார். தண்ணீர்ப் பாத்திரம் இந்துஸ்தானத்து எச்சில் படிக்கத்தின் அச்சு. பக்கத்தில் பிஷ்தியின் தோல் தண்ணீர்ப் பை. ஜெருசலேமின் மேல்மாடி அறையில் கல்கத்தா வீட்டுச் சமையலறை எட்டிப் பார்க்கிறது. அக்கால விமர்சகர்கள் இதைக் குறையாகச் சொன்னார்கள். இன்று பார்க்கையில் இதுதான் படத்துக்கு உயிர்.

வங்காளத்தின் ஈரப்பதம் எண்ணெய் ஓவியத்துக்கு எமன். இரண்டு நூற்றாண்டுகளில் பலமுறை ஒட்டுப் போட்டு, பூச்சுப் பூசி, படம் நைந்துவிட்டது. 2010-ல் கதே இன்ஸ்டிட்யூட், இன்டாக் அமைப்பு ஆகியவற்றின் முயற்சியில், ஜெர்மன் நிபுணர் ரெனாட்டே கான்ட் தலைமையில் அது சீர் செய்யப்பட்டது. ஒரு காலத்தில் பீடத்துக்கு மேல் இருந்த ஓவியம் இப்போது பக்கச் சுவரில் இருக்கிறது.

இங்கிருந்து திருச்சிக்கு

1814-ல் ஆங்கிலிக்கன் சபை இந்தியாவுக்கு முதல் பிஷப்பை அனுப்பியது. தாமஸ் மிடில்டன். செயின்ட் ஜான்ஸ் பேராலயம் ஆயிற்று. அவருடைய எல்லை கம்பெனி ஆட்சியின் எல்லை. பின்னால் ஆஸ்திரேலியாவையும் கல்கத்தா பிஷப்பின் தலையில் கட்டினார்கள்! மிடில்டன் 1822-ல் இறந்தார். அடுத்து வந்த ரெஜினால்ட் ஹீபர் கவிஞர், பயணப் பிரியர். உட்கார்ந்து நிர்வாகம் பார்ப்பதைவிட ஊர் ஊராகப் போவதில் ஆர்வம் காட்டினார்.

தமிழர்களுக்கு ஹீபர் இரண்டு காரணங்களால் முக்கியம். தஞ்சாவூரில் ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து யாழ்ப்பாணத்தில் உபதேசியாராகப் பணியாற்றிய கிறிஸ்டியன் டேவிட் என்ற தமிழர் 1824-ல் கல்கத்தாவுக்கு வரவழைக்கப்பட்டார். ஹீபர் அவருக்குக் குருப்பட்டம் கொடுத்தார். மிடில்டனுக்குச் சுதேசிகளுக்குப் பட்டம் கொடுக்கத் தனக்கு அதிகாரம் உண்டா என்பதிலேயே சட்டச் சந்தேகம் இருந்தது. அந்தத் தடையை நீக்கிக்கொண்டு வந்த ஹீபர், ஆங்கிலிக்கன் சபையில் நம்மவர் ஒருவரைப் பாதிரியாராக்கினார். ஒரு சாம்ராஜ்யத்தின் சபையில் ஆளப்படுகிறவன் பீடத்தருகே நிற்பதற்கான வழி அங்கே திறந்தது. அது முழுதாகத் திறக்க இன்னும் எண்பத்தெட்டு ஆண்டுகள் ஆயின. திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா 1912-ல் இதே கல்கத்தாவில், செயின்ட் பால்ஸ் பேராலயத்தில், முதல் இந்திய ஆங்கிலிக்கன் பிஷப்பாக அபிஷேகம் பெற்றார்.

இரண்டாவது காரணம் துயரமானது. 1826-ல் தென்னாட்டுச் சுற்றுப்பயணம் கிளம்பிய ஹீபர் தஞ்சாவூரில் தமிழ்ச் சபையாரைச் சந்தித்துவிட்டுத் திருச்சி வந்தார். ஏப்ரல் 3-ம் தேதி காலை தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குத் திடப்படுத்தல் ஆராதனை நடத்தினார். கொதிக்கும் வெயில். திரும்பியதும் குளிக்கத் தொட்டியில் இறங்கியவர் உயிரோடு வெளியே வரவில்லை. வயது 42. கல்கத்தாவின் பிஷப் உறங்குவது திருச்சி செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்தில். கோயிலின் பெயர் அங்கும் அதுவே.

1847-ல் மைதானத்தின் ஓரத்தில் கோதிக் பாணியில் செயின்ட் பால்ஸ் எழுந்ததும் பேராலய அந்தஸ்து அங்கே போனது. செயின்ட் ஜான்ஸ் மறுபடி சாதாரணத் திருச்சபைக் கோயிலானது. 1970-ல் வட இந்தியத் திருச்சபை உருவானபோது அதில் சேர்ந்தது. தென்னிந்தியாவில் நாம் இதை 1947-லேயே முடித்துவிட்டோம்.

நான்கு தாலி

செயின்ட் ஜான்ஸ் கோயில் எழுந்ததே பழைய இடுகாட்டின் மீதுதான். கல்கத்தாவின் முதல் தலைமுறை ஆங்கிலேயர்கள் இந்த மண்ணில்தான் புதைந்தார்கள். மழைக்காலம் முடிந்து அக்டோபர் வந்தால், இன்னும் உயிரோடு இருக்கிறோமே என்று விருந்து வைத்துக் கொண்டாடிய சமூகம் அது. 1767-ல் பார்க் தெருவில் புது இடுகாடு திறந்ததும் இங்கே புதைப்பது நின்றது. ஒருவருக்கு மட்டும் விதிவிலக்கு.

வளாகத்தில் நிற்கும் அந்தச் சமாதியின் கல்வெட்டைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். பிரான்சஸ் ஜான்சன், ஊர் அறிந்த பெயர் 'பேகம் ஜான்சன்'. 1725-ல் பிறந்தவர். தந்தை எட்வர்ட் குரூக், கடலூர் தேவனாம்பட்டினத்து செயின்ட் டேவிட் கோட்டையின் கவர்னர். தாய் இசபெல்லா போர்த்துகீசிய வம்சாவளி. சோழமண்டலக் கரையின் மகள் என்று தாராளமாகச் சொல்லலாம். முதல் கணவர் டெம்ப்ளர், சில ஆண்டுகளில் மரணம். இரு குழந்தைகளும் பிழைக்கவில்லை. இரண்டாவது கணவர் ஆல்தம், திருமணமான சில நாட்களிலேயே வைசூரிக்குப் பலி. மூன்றாவது வில்லியம் வாட்ஸ், காசிம்பஜார் தொழிற்சாலையின் தலைவர்.

1756-ல் நவாபின் படை காசிம்பஜாரைப் பிடித்தபோது பிரான்சஸ் குழந்தைகளோடு சிறைப்பட்டார். நவாப் குடும்பத்துப் பெண்மணி அடைக்கலம் கொடுத்துக் காப்பாற்றினார். அதைப் பற்றி அவர் ஆயுள் முழுக்கச் சொல்லிச் சொல்லித்தான் 'பேகம்' பட்டம் ஒட்டிக்கொண்டது. விசித்திரம் என்னவென்றால், அடுத்த ஆண்டு மீர் ஜாபரோடு ரகசிய ஒப்பந்தம் முடிக்க, பெண்கள் போகும் மூடுபல்லக்கில் ஒளிந்து சென்றவர் அவர் கணவர் வாட்ஸ். அந்த ஒப்பந்தம்தான் சிராஜைக் கவிழ்த்தது.

வாட்ஸோடு இங்கிலாந்து போன பிரான்சஸுக்கு அவர் மறைவுக்குப் பிறகு அங்கே மனம் ஒட்டவில்லை. கல்கத்தாவுக்கே திரும்பி வந்தார். 1774-ல் நான்காவது திருமணம். மாப்பிள்ளை, தேவாலயம் கட்டப் பாடுபட்ட அதே பாதிரியார் ஜான்சன்! கோயில் கட்டி முடிந்த மறு ஆண்டு, 1788-ல், அவர் ஊருக்குக் கிளம்பினார். அம்மணி கூடப் போகவில்லை. ஆண்டுதோறும் பணம் தருவதாக ஏற்பாடு செய்து வழியனுப்பிவிட்டார். அதன் பிறகு இருபத்து நான்கு ஆண்டுகள் கல்கத்தா சமூகத்தின் பெரியம்மாவாக, ஹூக்கா பிடித்துக்கொண்டு, சீட்டாட்டமும் பழங்கதையுமாக வாழ்ந்தார். மூடிவிட்ட இந்த இடுகாட்டில்தான் தன்னைப் புதைக்க வேண்டும் என்று வெல்லெஸ்லியிடமே வாக்கு வாங்கி வைத்திருந்தார். 1812 பிப்ரவரியில் 86 வயதில் இறந்தபோது கவர்னர் ஜெனரல் மின்டோ பரிவாரத்தோடு இறுதி ஊர்வலத்தில் வந்தார். நான்கு மாதங்கள் கழித்து அவருடைய மகள் வயிற்றுப் பேரன் லிவர்பூல் பிரபு இங்கிலாந்தின் பிரதமரானார். பாட்டிக்குத் தெரியாமலே போயிற்று.

சற்றுத் தள்ளி அட்மிரல் வாட்சன். கல்கத்தாவை மீட்கச் சென்னையிலிருந்து கிளைவோடு கப்பல் ஓட்டி வந்தவர். 1757-ல் பிளாசி முடிந்து இரண்டே மாதத்தில் காய்ச்சலில் போனார். ஓமிசந்த் என்ற வியாபாரியை ஏமாற்றக் கிளைவ் தயாரித்த போலி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுத்த மனிதர். அவர் கையெழுத்தையும் வேறு ஆளை வைத்துப் போட்டுக்கொண்டார்கள். கோயிலின் முகப்பில் லேடி கானிங்கின் பளிங்கு நினைவுச் சின்னம். பாரக்பூரில் அவர் சமாதி மீது இருந்தது, வெயில் மழையில் வீணாகிறதென்று இங்கே கொண்டுவரப்பட்டது. கல்கத்தாவில் இந்த அம்மையாரின் பெயர் நிலைத்திருப்பதற்குப் பளிங்கு காரணமல்ல. அவர் பெயரால் 'லேடிகேனி' என்றொரு இனிப்பை மிட்டாய்க் கடைகளில் இன்றும் பொரித்துப் பாகில் போடுகிறார்கள்.

மூலைக்குத் தள்ளப்பட்ட தூண்

வளாகத்தின் ஒரு மூலையில் வெள்ளைத் தூண் ஒன்று நிற்கிறது. யாராவது காட்டினால்தான் தெரியும். 1756 ஜூன் 20 இரவு 'இருட்டறை'யில் இறந்ததாகச் சொல்லப்பட்ட ஆங்கிலேயர்களின் நினைவுச் சின்னம். ஹால்வெல் என்ற கம்பெனி அதிகாரி எழுதி வைத்த கணக்கு: பதினெட்டு அடி நீளமுள்ள அறையில் 146 பேர் அடைக்கப்பட்டு, விடிந்தபோது 23 பேர் மட்டும் உயிரோடு. இந்தக் கணக்கை வைத்துத்தான் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இங்கிலாந்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தியக் கொடூரத்தைப் போதித்தார்கள். வங்காள அறிஞர்கள் அறையை அளந்து பார்த்து, இத்தனை உடல்கள் அதில் கொள்ளாது என்று கேட்டார்கள். 1959-ல் பிரிஜன் குப்தா என்ற வரலாற்றாசிரியர் ஆராய்ந்து, அடைக்கப்பட்டவர்கள் 64 பேர், பிழைத்தவர்கள் 21 பேர் என்ற முடிவுக்கு வந்தார். சம்பவமே நடக்கவில்லை என்பது சரியல்ல. ஹால்வெல் சொன்னபடி நடக்கவில்லை என்பதே பொருத்தம்.

ஹால்வெல் எழுப்பிய முதல் தூண் 1821-ல் அகற்றப்பட்டது. மறந்துபோன விஷயத்தைக் கிளறியவர் கர்சன் பிரபு. தன் செலவில் பளிங்கில் புதுத் தூண் செய்து 1902-ல் டல்ஹௌசி சதுக்கத்தில், ரைட்டர்ஸ் கட்டடத்தின் முனையில், எல்லோர் கண்ணிலும் படும்படி நிறுத்தினார். ஆபீசுக்குப் போகிற ஒவ்வொரு வங்காளி குமாஸ்தாவும் தினமும் அதைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

1940-ல் சுபாஷ் சந்திர போஸ் இந்தத் தூணைக் குறிவைத்தார். ஜூலை 3-ஐ சிராஜ் உத் தௌலா தினமாக அறிவித்து, தூணை அகற்றச் சத்தியாக்கிரகம் என்றார். இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்து நின்ற போராட்டம். ஜூலை 2-ம் தேதியே அவரைக் கைது செய்துவிட்டார்கள். ஆனால் போராட்டம் ஓயவில்லை. கடைசியில் அரசு பணிந்து தூணைக் கழற்றிச் செயின்ட் ஜான்ஸ் வளாகத்தில் கொண்டுபோய் வைத்தது. சிறையில் உண்ணாவிரதம் இருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட போஸ், 1941 ஜனவரியில் போலீஸ் காவலை மீறித் தப்பினார். அவர் இந்திய மண்ணில் நடத்திய கடைசிப் போராட்டத்தின் சாட்சி ஒன்று வெள்ளைக்காரர்களின் கோயில் தோட்டத்தில் நிற்கிறது. சுதந்திரத்துக்குப் பிறகு அதை உடைத்துப் போட்டிருக்கலாம். உடைக்காமல் விட்டது நல்லதே. அது பொய் சொல்லும் தூண்தான்; என்றாலும் பொய்யைக் காட்டுவதற்கும் ஏதாவது ஒரு பொருள் வேண்டுமே.

தகப்பன் யார்?

மறுபடி சார்னாக்கிடம் வருவோம். 1690 ஆகஸ்ட் 24 அன்று மழை கொட்டும் மத்தியானத்தில் சுதானுட்டி கிராமத்துக் கரையில் இறங்கினார்; கல்கத்தா பிறந்தது. இப்படித்தான் பாடப் புத்தகங்கள் நெடுங்காலம் சொல்லின. அதற்கு முன் மொகலாயர்களோடு மோதித் தோற்று அவர் ஒதுங்கியிருந்த இடம் சென்னை. அவருடைய மூன்று மகள்களுக்கும் 1689-ல் ஞானஸ்நானம் நடந்தது ஜார்ஜ் கோட்டை செயின்ட் மேரீஸில். தாய் ஓர் இந்துப் பெண். உடன்கட்டை ஏறப்போனவளைச் சிதையிலிருந்து சார்னாக் தூக்கி வந்தார் என்று பின்னால் ஒரு கப்பல் கேப்டன் எழுதி வைத்தார். அழகான கதை, அழகே சந்தேகத்தைக் கிளப்புகிறது.

அவர் இறந்த பின் எண்கோண வடிவில், குவிமாடத்தோடு, பார்ப்பதற்கு முஸ்லிம் பெரியவர் ஒருவரின் தர்கா போலிருக்கும் சமாதியைக் கட்டியவர் மூத்த மருமகன் சார்லஸ் ஐயர். (பெயரைப் பார்த்துக் கும்பகோணம் என்று நினைக்க வேண்டாம்.) இந்த ஐயர்தான் 1698 நவம்பரில் சபர்ண ராய் சௌத்ரி ஜமீன் குடும்பத்திடமிருந்து சுதானுட்டி, கலிகாத்தா, கோவிந்தபூர் என்ற மூன்று கிராமங்களின் உரிமையை 1,300 ரூபாய்க்குக் கம்பெனி பெயரில் எழுதி வாங்கியவர். விற்பதற்குக் கிராமங்கள் இருந்தன என்றால், அவை சார்னாக் வருவதற்கு முன்பே இருந்தன என்றுதானே அர்த்தம்?

அதே ஜமீன் குடும்பத்தின் வாரிசுகள் இந்தக் கேள்வியைக் கல்கத்தா ஹைகோர்ட்டில் கேட்டார்கள். கோர்ட் வரலாற்றாசிரியர்கள் குழு ஒன்றிடம் கருத்துக் கேட்டது. 2003 மே மாதம் தீர்ப்பு: கல்கத்தாவை நிறுவியவர் என்று சார்னாக்கைச் சொல்ல முடியாது, ஆகஸ்ட் 24 நகரத்தின் பிறந்த நாளும் அல்ல. பாடப் புத்தகங்களைத் திருத்த வேண்டியதாயிற்று. பெயர் 2001-லேயே கொல்கத்தா ஆகிவிட்டிருந்தது. இப்போது அந்த ஊருக்குத் தகப்பனும் இல்லை, பிறந்த நாளும் இல்லை.

சமாதிக்குள் வெளிச்சம் குறைவு. சார்னாக்கின் கல்லோடு அவருடைய இரண்டு மகள்களின் கற்களும் இருக்கின்றன. டெல்லிக்குத் தூது போய், பேரரசர் ஃபரூக் சியாரின் நோயைக் குணப்படுத்திக் கம்பெனிக்கு நல்லெண்ணம் சம்பாதித்துக் கொடுத்த டாக்டர் வில்லியம் ஹாமில்டனின் கல்லும் அங்கேதான். 1717-ல் இறந்தவர். கோயிலுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது அகப்பட்ட அந்தக் கல்லில் ஆங்கிலத்தோடு பாரசீக எழுத்தும் இருக்கிறது.

பல்லாவரத்துப் பலகையில் இருப்பது லத்தீன். நகரம் என்ற பேச்சோ, நிறுவினார் என்ற பெருமையோ அதில் எங்கும் இல்லை. தனக்குச் சொந்தமில்லாத மண்ணில் நெடுங்காலம் அலைந்த பிறகு, 1692 ஜனவரி 10-ம் தேதி தன் நித்திய வீட்டுக்குத் திரும்பினார் என்பது மட்டும்தான் செய்தி. எழுதி வைத்தவர் மருமகன்.